திங்கட்கிழமைப் பச்சை

கான்பூருக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. பதினோரு மூட்டை ஏலக்காய். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடிக் காய் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயைத் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

போடியில் ராஜபாண்டியின் ஏலக்காய்க் கடையில் அன்று காலை யாரும் வாய் திறக்கவில்லை. காய் பொறுக்கும் பெண்கள் பதினான்கு பேரும் குனிந்த தலை நிமிராமல் தட்டுகளில் காயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜபாண்டி மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோபம் வந்தால் அவருக்குக் கால் நிற்காது.

“படத்துல கிளி மாதிரி இருக்கு, பையில காக்கா மாதிரி இருக்குங்குறான். எந்தப் படத்தடா அனுப்புன?”

கேட்டது தங்கை மகன் சுரேஷ்கண்ணனை. சரக்கைப் படமெடுத்து வடநாட்டு வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவன் வேலை.

“புது ஃபோன் மாமா. இந்த ஏரியாவுலயே இப்படி ஒரு படம் யாரும் எடுத்திருக்க மாட்டாக.”

“அதான் இந்த ஏரியாவுலயே யாருக்கும் திரும்பி வராத சரக்கு எனக்கு வந்திருக்கு.”

காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி, ஜெசி, தலையை நிமிர்த்தினாள்.

“காய் நல்லாத்தான் இருக்கு மொதலாளி. படந்தான் பொய் சொல்லுது.”

பக்கத்தில் இருந்த சோணையம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். சும்மா இரு என்று அர்த்தம். ஜெசி சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்து நாலு காயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். தன் ஃபோனில் படமெடுத்தாள். உள்ளங்கையில் காயையும் பக்கத்தில் ஃபோனையும் வைத்து முதலாளியிடம் நீட்டினாள்.

ராஜபாண்டி கையைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“என் ஃபோன் மட்டும் இல்ல மொதலாளி, எல்லா ஃபோனும் இப்படித்தான். பச்சையக் கண்டா கூட்டிக் காட்டும்.”

அவளுக்கு இது தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அனுமந்தன்பட்டி வயல்வெளிக்குப் போய்ப் படமெடுப்பது அவள் பழக்கம். நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். அவள் கண்ணுக்கு நான்கும் நான்கு பச்சை. ஃபோனுக்கு எல்லாம் ஒன்று. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். எட்டு வருடமாகப் பச்சையைப் பிரித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்தச் சூப்பர் உறைத்தது.

அப்போது பிடித்தது கேமராப் பைத்தியம். சென்சார் அளவு, லென்ஸ், நிறம் என்று யூடியூபில் பார்க்காத வீடியோ இல்லை. ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். எந்தக் கேமராவுக்கு என்ன நிறை, என்ன குறை, எல்லாம் அதில் இருந்தது. கையில் தொட்டது ஒன்றுகூட இல்லை. ஜீப் ஓட்டும் கணவன் மிக்கேல் சொல்வான்: “பொண்ணு பாக்கப் போகாம போட்டோவாச் சேத்து வைக்கிறவன் கதையால்ல இருக்கு ஒன் கதை.”

ராஜபாண்டிக்கும் அந்த நோட்டு விஷயம் தெரிந்திருந்தது. பெண்கள் பேசிச் சிரித்தது காதில் விழுந்திருக்கும்.

“நீ கேமராவுக்குப் படிச்சவளாம்ல?”

ஜெசி கையிலிருந்த காயைத் தட்டில் போட்டாள்.

“ஒண்ணப் பாத்து எடு. ஒரு வாரம் வச்சுப் பாரு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் காயையும் படத்தையும் பக்கத்துல வச்சு எனக்குக் காட்டணும். ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா கேமராவ வாங்கிப்புடுவோம். படமெடுக்குறது ஒன் வேலை. இல்லன்னா கேமரா வந்த வழியே போகும், நீ தட்டுக்குப் போயிரு. அதுக்கப்புறம் இங்கன கேமராப் பேச்சே இருக்கக் கூடாது.”

ஜெசி கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் கேமராவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா மொதலாளி?”

“மொதல்ல சனிக்கிழமை வரட்டும்.”

உத்தமபாளையத்தில் வின்சென்ட்டின் கடை. முன்பக்கம் கல்யாண ஆல்பம், குழந்தைப் படம் போட்ட டீ கப். பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் பழைய கேமராக்கள். வாங்கவும் செய்வார், விற்கவும் செய்வார். அனுமந்தன்பட்டிக் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் அவர்தான் படமெடுப்பார். அதனால் ஜெசியைத் தெரியும்; ஒரு வாரம் தருவதற்கு ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதப் பாரு. ஃபுல் ஃப்ரேம், பெரிய சென்சார். மதுரைல பெரிய பெரிய ஆளுக எல்லாம் இதுதான் வச்சிருக்காக. தோள்ல மாட்டுனா போலீஸ்காரரே வழி விடுவாரு.”

ஜெசி கையில் வாங்கினாள். கனத்தது. நோட்டில் அதன் எடை எழுதியிருந்தது. எடை வேறு, கனம் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது.

கைப்பையிலிருந்து கறுப்பு பாலித்தீனில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஏழு ஏலக்காய். ஏழும் ஏழு பச்சை. ஒரு முனையில் கொழுந்துப் பச்சை, மறுமுனையில் வைக்கோல்.

“என்னத்தா இது, கேமராவுக்குப் பாயசம் வைக்கப்போறியா?”

“வெளிய வாங்கண்ணே. இந்த லைட்ல காய் பாக்கக் கூடாது.”

“ஆளுக எல்லாம் கேமராவுல மூஞ்சியப் பாப்பாக. நீ காயப் பாக்குற.”

ஆனாலும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கடைக்கு எதிரே நிழலில் ஸ்டூலைப் போட்டார்கள். வெள்ளைத் தாளில் ஏழு காயையும் வரிசையாக வைத்தாள். மூன்று கேமராவிலும் எடுத்தாள். டீக்கடையில் நின்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு காயை எடுத்து வாயில் போடப் போனார். ஜெசி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

பெரிய கேமராவால் காய்க்குக் கிட்டே போக முடியவில்லை. அதோடு வந்த லென்ஸ் ஆட்களுக்கானது. இரண்டாவது கேமரா புதிது, அழகு. ஆனால் ஃபோனைப் போலவே அதற்கும் பச்சைமேல் ஆசை. மூன்றாவதற்குப் பிடி ரப்பர் கழன்றிருந்தது. பெயின்ட் தேய்ந்து மூலையில் வெள்ளி தெரிந்தது. சின்ன சென்சார். நோட்டில் அதற்கு அவள் போட்டிருந்தது ஒரே வரி: பழைய மாடல், வேண்டாம். ஆனால் வின்சென்ட் அதற்கு ஒரு மேக்ரோ லென்ஸ் போட்டிருந்தார். மோதிரத்தையும் தாலியையும் கிட்டத்தில் எடுப்பதற்கான லென்ஸ்.

வின்சென்ட்டின் லேப்டாப்பில் மூன்று படத்தையும் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதில் ஏழு காயும் ஏழாக இருந்தன.

“இதுதாண்ணே.”

“அட ஆத்தா, இதையா? ராஜபாண்டி என்னையத்தான திட்டுவாரு, ஓட்ட உடசலத் தலைல கட்டிட்டேன்னு.”

“திட்டட்டும். கிரே கார்டு இருக்கா?”

கிரே கார்டு என்பது சாம்பல் நிற அட்டை. அதை முதலில் படமெடுத்தால், அன்றைய வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வின்சென்ட் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். தூசியை ஊதினார்.

“இந்தக் கடை தொறந்து பத்தொம்போது வருசம். இதக் கேட்டவ நீ ஒருத்திதான்.” பையில் போட்டுக் கொடுத்தார். “சனிக்கிழமைக்குள்ள சொல்லிரு. கம்பத்துல ஒரு ஸ்டுடியோக்காரர் இத கேட்டுக்கிட்டே இருக்காரு.”

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சம் இருந்தது. இறங்கி அப்படியே வயலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் தன் கைக்கு வராத பொருள். ஆசை வைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது.

கடையின் பின்பக்கம் சாம்பிள் அறை. வடக்கே பெரிய ஜன்னல். காய் பார்க்க வடக்கு வெளிச்சந்தான் நல்லது, நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். திங்கட்கிழமை ஜெசி ஜன்னலடியில் மேசையை இழுத்துப் போட்டாள். அன்று வந்த சரக்கிலிருந்து பத்துக் காய் பொறுக்கினாள். பத்தும் ஒரே பச்சை, முதல் தரம். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் அவற்றை வைத்தாள். தினமும் அதே பத்துக் காயை, அதே இடத்தில், அதே அளவில் எடுக்க வேண்டும். ஆறு நாளும் ஒரே பச்சை வந்தால் கேமராவை நம்பலாம்.

தட்டு நகரக் கூடாது என்று சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டாள். கதவில் ஒரு தாளை ஒட்டினாள்: தட்டைத் தொடாதீர்கள்.

சோணையம்மாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“சாமி படத்துக்குக்கூட இம்புட்டு மருவாதி இல்லடி. பத்து ஏலக்காய்க்கு வந்த வாழ்வப் பாரு.”

திங்கட்கிழமைப் படம் கம்ப்யூட்டர் திரையில் வந்தபோது ஜெசி தட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். படம் எது, காய் எது என்று சொல்ல முடியாது. தட்டைக் கோட்டுக்குள் திருப்பி வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்தாள்.

செவ்வாய்க்கிழமைப் படமும் சரியாக இருந்தது. புதன்கிழமைப் படத்தில் ஏதோ இடித்தது. திங்கட்கிழமைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மயிரிழை. பச்சை கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. கிரே கார்டைச் சரியாக வைத்திருக்க மாட்டோம் என்று மறுபடி எடுத்தாள். அதே மயிரிழை.

வியாழக்கிழமை அது மயிரிழை இல்லை. திரையில் இரண்டு பச்சை நன்றாகவே தெரிந்தன.

கேமராவில் வைத்த அளவுகளைச் சரிபார்த்தாள். பேட்டரியை மாற்றினாள். லென்ஸைத் துடைத்தாள். மேகம் விலகும்வரை காத்திருந்து எடுத்தாள். நாலாவது படமும் வெளிறித்தான் வந்தது.

சுரேஷ்கண்ணன் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

“என்னக்கா, ஒரே காய்க்கு ரெண்டு கலர்?”

“பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி.”

“நானும் தெனமும் ஒன் தட்ட எடுத்துருக்கேன், ச்சும்மா. பாரு.” ஃபோனை நீட்டினான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலும் ஒரே கிளிப்பச்சை. “அப்படியே இருக்கு பாத்தியா? மாறவே மாறாது. மிசின்னா இதான் மிசினு.”

ஜெசி நாலையும் பார்த்தாள். அவன் ஃபோன் பொய் சொல்கிறது. ஆனால் ஒரே பொய்யைச் சொல்கிறது. அவள் தேர்ந்தெடுத்த கேமரா ஒரு நாளுக்கு ஒரு பேச்சுப் பேசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் வின்சென்ட்டுக்கு ஃபோன் செய்தாள்.

“அண்ணே, கேமரா கெட்டுப்போச்சு போலண்ணே. பச்சை நாளுக்கு நாள் எறங்குது.”

“என்னது? அந்தக் கேமராவுல நான் நூறு கல்யாணம் எடுத்திருக்கேன் ஜெசி. ஒரு பொண்ணு மாப்ள கலர் மாறல. ஒன் ஏலக்காய்க்கு மட்டும் மாறுதா?”

“சென்சார் போயிருக்குமோ?”

“போனா மொத்தமாப் போகும். கொஞ்சங் கொஞ்சமாவா போகும், வயசாளி மாதிரி?” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சரி, வேணாம்னா கொண்டாந்துரு. கம்பத்துக்காரர்ட்டச் சொல்லிர்றேன்.”

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணே. நாளைக்குச் சாயங்காலம்.”

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சனிக்கிழமை அவள் வழக்கமான பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. முதல் பேருந்தைப் பிடித்தாள். முதலாளி வருவதற்குள் இன்னொரு முறை முதலிலிருந்து எடுத்துப் பார்க்கலாம் என்பது நினைப்பு. போடியில் இறங்கும்போது மணி எட்டு. வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் வருவாள்.

கடையைத் திறந்து பெருக்குவது சோணையம்மாள் வேலை. வாசலில் விளக்குமாறோடு நின்றாள்.

“என்னடி, கோழி கூப்பிட வந்துட்ட?”

ஜெசி சாம்பிள் அறைக் கதவைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே போகவில்லை.

கிழக்குச் சுவரில், கூரைக்குக் கீழே, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதை அவள் ஜன்னல் என்றே நினைத்ததில்லை. வழக்கமாக அவள் வருவதற்குள் வெயில் அதைவிட்டு ஏறிப் போயிருக்கும். அதன் வழியாகக் காலை வெயில் சாய்ந்து இறங்கி, சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே, வெள்ளைத் தட்டின்மேல், அளந்து வைத்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. பத்துக் காயும் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தன.

ஏலக்காய்க் கடையில் முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்ணுக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான். காயை வெயிலில் வைக்காதே, பச்சை போய்விடும். கறுப்புப் பை அதற்குத்தான். மூட்டை வாயைத் திறந்து போட்டுவிட்டுப் போன பெண்களை ஜெசி எத்தனை முறை வைதிருப்பாள் என்று கணக்கில்லை.

திங்கட்கிழமைச் சரக்கு மூட்டையை இழுத்தாள். தையலைப் பிரித்தாள். கறுப்புப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டாள்.

பக்கத்தில் பார்த்த பிறகு கண்ணுக்குச் சந்தேகம் இல்லை. மூட்டைக் காய் திங்கட்கிழமைப் பச்சை. தட்டுக் காய் பழுத்த இலை.

சோணையம்மாள் எட்டிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அடிப்பாவி மகளே! காய வெயில்ல வச்சது நீயா? போன மாசம் நான் பைய மூடலன்னு என்ன பேச்சுப் பேசுன நீயி?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜெசியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “சரி விடு. இந்தப் பத்தையும் தூக்கித் தூரப் போடு. மூட்டையிலருந்து புதுசாப் பத்த எடுத்து வையி. படமும் காயும் ஒண்ணா இருக்கும். மொதலாளி கேட்டது அதான? யாரு கண்டா?”

அது உண்மை. புதிதாகப் பத்துக் காய் வைத்தால் போதும். திங்கட்கிழமைப் படத்தோடு அப்படியே பொருந்தும். சுரேஷ்கண்ணன் ஏதாவது கேட்டால் லென்ஸில் தூசி இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எட்டு வருடம் வேலை பார்த்தவள் காயை வெயிலில் காய வைத்தாள் என்று தெரிந்தால், முதலாளி அவளிடம் ஓர் அறையை நம்பி விடுவாரா?

ஜெசி பழைய பத்துக் காயையும் கையில் எடுத்தாள். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது. ஒரு காயை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே விதை கறுப்பாக, மணமாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்து, கையிலிருந்த காயைத் திரையோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. வியாழக்கிழமைப் படம் அதைவிடக் கொஞ்சம் பச்சை. புதன் அதைவிட. படி இறங்குவதுபோல ஒவ்வொரு நாளும் ஒரு படி. கேமரா ஒரு நாள்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தினமும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

“போடலயா?” என்றாள் சோணையம்மாள்.

“இல்லக்கா. ரெண்டையும் வைக்கப்போறேன்.”

“ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு.”

மாலை ஐந்து மணிக்கு ராஜபாண்டி வந்தார். கூடவே சுரேஷ்கண்ணன். கதவுக்கு வெளியே பெண்கள் பெருக்குவதுபோலவும் மூட்டை அடுக்குவதுபோலவும் நின்றார்கள்.

மேசையில் வெள்ளைத் தட்டு. அதில் இரண்டு வரிசைக் காய். பக்கத்தில் திரையில் திங்கட்கிழமைப் படமும் அன்றைய படமும்.

“எதுக்கு ரெண்டு வரிசை?” என்றார் ராஜபாண்டி.

“மேல இருக்குறது மூட்டையில இருந்த காய். கீழ இருக்குறது ஆறு நாளா இந்த அறையில இருந்த காய். ரெண்டும் ஒரே சரக்குத்தான் மொதலாளி.” ஜெசி கிழக்குச் சுவரைக் காட்டினாள். “காலைல அந்த ஜன்னல் வழியா வெயில் வந்திருக்கு. நான் பாக்கல. வெயில்ல வச்சது நான்தான்.”

ராஜபாண்டி அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எத்தன வருசம் இங்கன வேலை பாக்குற?”

“எட்டு.”

“எட்டு வருசம். காய வெயில்ல வச்சிருக்க.”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோணையம்மாளாகத்தான் இருக்கும். ஜெசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பத்து ஸ்டுடியோக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். கேமராவைத் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ராஜபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“வேற நாள் எடுத்த படம் இருக்கா?”

ஆறு படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். அவரும் பச்சை பார்க்கத் தெரிந்தவர். முப்பது வருடமாக அதைத்தான் பார்க்கிறார்.

“பச்சை எறங்குறது ஒன் கண்ணுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?”

“இன்னைக்குக் காலைல.”

“இதுக்கு?” கேமராவைக் காட்டினார்.

“புதன்கிழமை. அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் புதன்கிழமைதான் கவனிச்சேன்.”

“ஏலே, ஒன் ஃபோனக் குடு.”

சுரேஷ்கண்ணன் கொடுத்தான். ராஜபாண்டியே தட்டைப் படமெடுத்தார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே கிளிப்பச்சையாக வந்தன. வைக்கோலாய்ப் போன காய்கூட அப்போதுதான் செடியிலிருந்து பறித்தது போல மின்னியது. ராஜபாண்டி ஃபோனை அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

“செத்த காய்க்கு உசிரு குடுக்குதுடா ஒன் ஃபோனு. ஆசுபத்திரியில வைக்க வேண்டியது.”

“அதில்ல மாமா,” என்றான் சுரேஷ்கண்ணன். அவன் குரலில் கேலி இல்லை. “அக்கா எடுத்தது சரியான படந்தான், ஒத்துக்கிறேன். ஆனா இத அனுப்புனா யாரு வாங்குவா? மத்த கடைக்காரக எல்லாம் பளபளன்னுதான அனுப்புறாக. இதுக்குப் பக்கத்துல நம்ம காய் மங்கலாத்தான தெரியும்?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ராஜபாண்டி தாடையைத் தடவினார். இந்தூர் வியாபாரி ஒருவர் காலையிலிருந்து படம் கேட்டுக்கொண்டிருந்தார். புதுச் சரக்கு முன்னறையில் தைக்காமல் காத்திருந்தது.

“நீ என்ன சொல்ற?” ஜெசியைக் கேட்டார்.

“வாங்காமப் போகலாம் மொதலாளி. திரும்பி வராது.”

ராஜபாண்டி முன்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சோணையம்மா, அந்தப் புதுச் சரக்குல ஒரு பிடி கொண்டா.”

ஜெசி சாம்பல் அட்டையை வைத்தாள். எடுத்தாள். அட்டையை எடுத்துவிட்டுக் காயை வைத்தாள். வடக்கு ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி எடுத்தாள். படம் திரைக்கு வந்தது. மங்கல் இல்லை, பளபளப்பும் இல்லை. தட்டில் இருந்த காய் எப்படியோ அப்படி இருந்தது.

படம் ராஜபாண்டியின் ஃபோனுக்கு வந்தது. அவர் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனுப்பினார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. படத்தைப் பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை. சுரேஷ்கண்ணன் வெளியே போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தான். டீ வந்தது. குடித்தார்கள். டம்ளரைக் கழுவி வைக்கும் நேரத்தில் ஃபோன் மணி அடித்தது.

ராஜபாண்டி இந்தியில் பேசினார். ஜெசிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர் முகத்தை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அவளிடம் திரும்பினார்.

“ரொம்ப நாள் கழிச்சு ஒரு நெசமான படத்தப் பாக்குறேங்குறான். நக்கலா நெசமான்னு தெரியல. இன்னும் கிட்டத்துல ஒண்ணு வேணுமாம். காய் மேல இருக்குற வரி தெரியிற மாதிரி கேக்குறான். எடு.”

ஜெசி ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் சிவந்து போயிருந்தது.

“இப்ப முடியாது மொதலாளி. இந்த வெளிச்சத்துல எடுத்தா தப்பாத் தெரியும். நாளைக்குக் காலைல எடுத்துத் தாரேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை.”

“முதல் பூசைக்குப் போயிட்டு வந்துர்றேன்.”

ராஜபாண்டி ஃபோனில் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. இவர் சிரித்தார். வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். அதிலிருந்து கடைச் சாவியைக் கழற்ற நகத்தால் போராடினார். சுரேஷ்கண்ணன் வாங்கிக் கழற்றி ஜெசியிடம் கொடுத்தான்.

“வின்சென்ட்டுக்குச் சொல்லிரு, கேமரா வராதுன்னு. நாளைக்கு அந்தப் படத்த அனுப்பிட்டு அதத் தூக்கிக்கிட்டு எங்கன வேணாப் போ. திங்கக்கிழமை வந்து சேரணும்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “வெயில்ல வைக்காத.”

வெளியே எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை ஜெசிக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் போன பிறகு வின்சென்ட்டுக்கு ஃபோன் செய்தாள். அவர் எடுத்தவுடன் கேட்டது, சென்சார் எப்படி இருக்கு என்று. நல்லா இருக்குண்ணே, காய்தான் கெட்டுப்போச்சு என்றாள். அவர் ஒன்றும் விளங்காமல் சரி சரி என்றார்.

பிறகு ஸ்டூலைக் கிழக்குச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். கண்ணாடிமேல் கையை வைத்து அளந்தாள். அகலம் மூன்று சாண், உயரம் இரண்டே கால்.

“சோணையக்கா, கறுப்புத் துணி எதுவும் வீட்டுல கெடக்கா?”

“பாவாடைதான் கெடக்கு.”

“கொண்டாங்க.”